யார் என்று கேட்க மாட்டோம்

அத்தியாயம் 11

காலை ஒன்பதரைக்கே தலைமையாசிரியையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஷார்ப்னர் இல்லாத மேசை அவருடையது ஒன்றுதான். ஒரு பிளேடை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துச் சீவுவார், சீவல் துண்டுகூடக் காகிதத்தைத் தாண்டி விழாது. கோபம் வந்தால்தான் பென்சிலைக் கையில் எடுப்பார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு மேசையில் ஏற்கெனவே ஐந்து பென்சில்கள் ஊசிமுனையோடு கிடந்தன.

எதிரே நின்றவள் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் புத்தக டீச்சர். தலைமையாசிரியை அவளுடைய கணவனுக்கு அக்கா. வீட்டில் அண்ணி, இங்கே மேடம். மாற்றிக் கூப்பிட்டு இதுவரை மூன்று முறை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"மூணு மணிக்கு அந்தம்மா வராங்க. தான் குடுத்த புத்தகத்தைப் பிள்ளைங்க எப்படிப் படிக்குதுங்கன்னு பாக்கணுமாம். நான் என்னத்தைக் காட்டுறது? எலும்புக்கூட்டையா?"

அந்தம்மா என்றால் முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பழைய தலைமையாசிரியை. ஓய்வு பெற்றவர் சும்மா இருக்காமல், போன வாரம் நூலகத்துக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். கடலில் வாழும் உயிர்களைப் பற்றிய பெரிய படப் புத்தகம். அட்டையில் ஒரு நீலத் திமிங்கிலம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீந்தும். அலுவலக அறையில் பிரிக்கப்பட்டு, மேடத்தின் மேசையில் இரண்டு நாள் இருந்து, திங்கட்கிழமைதான் அது நூலகத்துக்கு வந்தது. நேற்று புதன்கிழமை மாலை புத்தக டீச்சர் அதைத் திறந்தாள், உள்ளே தாள்கள் வெட்டப்பட்டிருந்தன. அந்த இடத்தில்தான் போன அத்தியாயத்தில் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

"பேரைச் சொல்லு" என்றார் மேடம்.

"எனக்குத் தெரியாது மேடம்."

"தெரியாதுன்னா விசாரிக்கணும். அதைத்தான் நீ செய்ய மாட்டியே. சுவத்துல எழுதி வேற ஒட்டி வச்சிருக்க."

ஒட்டித்தான் வைத்திருந்தாள். நூலகத்தின் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி போட்ட அட்டைப்பெட்டி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் புத்தக ஆஸ்பத்திரி. அடிபட்ட புத்தகத்தை அதில் கொண்டுவந்து போட வேண்டும். கூடவே ஒரு சீட்டு: நோயாளி யார், என்ன ஆச்சு, என்ன வைத்தியம். கிழித்தது யார் என்ற கேள்வி சீட்டில் கிடையாது. பெட்டிக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில், 'யார் என்று கேட்க மாட்டோம்.'

அதற்கு முன்பெல்லாம் கிழிந்த புத்தகங்கள் அலமாரிக்குப் பின்னாலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் கிடைக்கும். ஆஸ்பத்திரி திறந்து எட்டு மாதத்தில் நாற்பது புத்தகங்கள் பெட்டிக்கு வந்து, பசையும் ஒட்டுத்தாளும் போட்டுக்கொண்டு நலமாகத் திரும்பிப் போயிருந்தன. பிள்ளைகள்தான் டாக்டர்கள். கிழித்த கையே வந்து ஒட்டிய கதைகளும் உண்டு, அதை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

"மூணு மணிக்குள்ள பேர் வரலன்னா அந்தக் கத்திரிப் பொண்ணுதான்னு எழுதி அவ அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிடுவேன்" என்றார் மேடம். "வருஷம் முழுக்க அவளுக்கு லைப்ரரி கிடையாது. நாளையிலேருந்து எல்லா அலமாரிக்கும் பூட்டு. உன் ஆஸ்பத்திரியையும் மூடிடு."

"அவதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"அவளைத் தவிர யாரு? வாயைத் திறந்து நான் செய்யலன்னுகூடச் சொல்ல மாட்டேங்கறா. அதுக்கு என்ன அர்த்தம்?"

ஆறாவது பென்சிலை எடுத்தார். போகலாம் என்று அர்த்தம்.

வெளியே பெஞ்சில் கத்திரி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு. காகிதத்தைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பழைய நோட்டுத் தாளிலிருந்து கைகோத்த பொம்மைகளாக வெட்டி வகுப்பு முழுக்க வினியோகிப்பாள். அவளுடைய மொட்டைமுனைக் கத்திரிக்கோலை நேற்றே பறித்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு விரல்களைக் கத்திரிக்கோலாக்கிக் காற்றை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குடிச்சியா?"

"ம்."

நீதானா என்று கேட்க நாக்கு துடித்தது. புத்தக டீச்சர் மென்று விழுங்கிவிட்டு நடந்தாள்.

நூலகத்தில் புதுத் திமிங்கிலப் புத்தகத்தை இன்னொரு முறை புரட்டினாள். போயிருந்தது மூன்று தாள்கள். நடுவில் இரண்டு, எலி கடித்த மாதிரி கோணல்மாணலாக வெட்டியிருந்தது. மூன்றாவது, அட்டையைத் திறந்ததும் வரும் முதல் தாள். அது மட்டும் ஸ்கேல் வைத்தது போல நேராக, தைத்த நூலை ஒட்டிப் போயிருந்தது. பார்த்தாள், பார்த்ததை யோசிக்க அப்போது அவளுக்கு மனம் இல்லை. காதில் 'மூணு மணி' மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு இரண்டாம் வகுப்பு புத்தகம் மாற்ற வந்தது. அதில் அவளுடைய மகளும் ஒருத்தி. வீட்டில் அவளுக்குத் தந்தி என்று பெயர். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதிலிருந்து அப்பா அலுவலகத்தில் தூங்கிவிட்டது வரை எல்லாச் செய்தியும் அவள் மூலமாகத்தான் வந்து சேரும். அவள் காதில் விழுந்த விஷயம் சாயங்காலத்துக்குள் தெருவையே ஒரு சுற்று சுற்றிவிடும்.

அந்தத் தந்தி இன்று மூச்சுவிடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா பார்க்கும்போதெல்லாம் பக்கத்தைத் திருப்பினாள்.

புத்தக டீச்சர் அதைக் கவனித்தாள். சாப்பாட்டு இடைவேளையில் கணவனுக்குப் போன் செய்தாள். அவன் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலை பார்க்கிறான். புத்தக ஆஸ்பத்திரி இல்லை, நிஜ ஆஸ்பத்திரி.

"ஏங்க, தந்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"அவளா? ரெண்டு நாளா வாயே திறக்கல. வீடு இவ்ளோ நிம்மதியா இருக்கேன்னு நானே சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்."

"விளையாடாதீங்க. வேற ஏதாவது? கேள்வி கீள்வி?"

"கேள்விக்கா பஞ்சம்? ஞாயித்துக்கிழமை என்கூட வந்தாள்ல, ரத்தம் குடுக்கறதைப் பாத்துட்டு ஒரே தொணதொணப்பு. குடுத்தவங்க செத்துப் போயிடுவாங்களான்னு கேட்டா. தெம்பா இருக்கறவங்க கொஞ்சம் குடுக்கலாம், அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, முடியாதவங்க பொழைச்சுக்குவாங்கன்னு சொன்னேன். ஏன், என்ன ஆச்சு?"

அவள் போனை வைத்தாள். நேராக, குணமான புத்தகங்களை வைக்கும் தட்டுக்குப் போனாள்.

இதே திமிங்கிலப் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்று நூலகத்தில் இருந்தது. பல வகுப்புகள் புரட்டிப் புரட்டி முதுகு உடைந்துபோன கிழம். பிள்ளைகள் அதைத் தாத்தா திமிங்கிலம் என்பார்கள். அதில் ஆக்டோபஸ் பக்கமும் குட்டித் திமிங்கிலப் பக்கமும் காணாமல்போய் வெகுகாலம் ஆகிறது. குட்டி பிறக்கும் இடம் வந்ததும் கதை அறுந்துவிடும். 'அப்புறம் என்ன டீச்சர் ஆச்சு?' என்று தந்தியே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

இப்போது அறுபடவில்லை. ஆக்டோபஸ் எட்டுக் கையோடு வந்துவிட்டது. குட்டித் திமிங்கிலம் அம்மாவை ஒட்டி நீந்தியது. இரண்டு தாள்களும் பளபளவென்று புதுசு, ஓரத்தில் கோணல்மாணலான வெட்டு, அதன்மேல் பட்டை பட்டையாக ஒட்டுத்தாள். உள்ளே சீட்டு.

'நோயாளி: தாத்தா திமிங்கலம். என்ன ஆச்சு: ரெண்டு பக்கம் இல்ல. வைத்தியம்: புது திமிங்கலம் குண்டா தெம்பா இருக்கு, அது ரெண்டு பக்கம் குடுத்துச்சு. இப்ப ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.'

புள்ளி ஒவ்வொன்றும் குட்டிப் பூஜ்யமாக இருந்தது. அந்தக் கையெழுத்தைத் தினமும் வீட்டுப்பாட நோட்டில் திருத்துகிறவள் அவள்தான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். இவள் சொல்லிக்கொடுத்த இரக்கம்தான் இப்படிக் கத்திரிக்கோல் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறது. பள்ளி விட்டபின் அம்மா வேலை முடிக்கும்வரை தந்தி இங்கேதான் இருப்பாள். செவ்வாய்க்கிழமை மாலை ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும்.

மணி ஒன்றே முக்கால்.

தந்தியின் காதைப் பிடித்து மேடத்தின் முன்னால் நிறுத்தினால் கத்திரி தப்பித்துவிடுவாள். ஆனால் சுவரில் எழுதிய வாக்கு போய்விடும். டீச்சர் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொடுத்தாள் என்றால், நாளைக்கே புத்தகங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சொல்லாமல் இருந்தாலோ, ஒரு பாவமும் அறியாத பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து காற்றை வெட்டிக்கொண்டிருக்கும்.

சொந்த மகள் என்பதால் வாயை மூடிக்கொண்டாயா என்று அண்ணி கேட்பார். இன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமைதோறும் அண்ணிக்கு இவர்கள் வீட்டில்தான் ராத்திரிச் சாப்பாடு. சோற்றைப் போட்டுக்கொண்டே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்று மணி வரைக்கும் தந்திக்கு விடுவது, அதற்குள் அவள் வாயைத் திறக்காவிட்டால் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். விதி உடைந்தால் உடையட்டும். அடுத்தவர் பிள்ளையைத் தன் விதிக்காகப் பெஞ்சில் உட்கார வைக்க அவளால் முடியாது.

கடைசி பீரியட் இரண்டாம் வகுப்புக்குக் கதை நேரம். போகிற வழியில் பெஞ்சிலிருந்த கத்திரியின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"கதை நேரம் மேடம். வகுப்போட உக்காரட்டும்."

"மூணு மணி வரைக்கும்தான்" என்றது உள்ளிருந்து வந்த குரல்.

பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கத்திரிக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. சின்னப் பிள்ளைகள்தான், ஆனால் யாரை விட்டுத் தள்ளி உட்கார வேண்டும் என்பதைப் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். புத்தக டீச்சருக்கு அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னைக்குக் கதை இல்ல" என்றாள். "நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். அதை உங்ககிட்ட சொல்லணும்."

டீச்சர் தப்பு செய்தார் என்றதும் முப்பது தலைகளும் நிமிர்ந்தன. இதைவிடச் சுவாரசியமான கதை உண்டா?

"சுவத்துல எழுதியிருக்கறதைப் படிங்க."

"யார் என்று கேட்க மாட்டோம்" என்று கூரை அதிரப் படித்தார்கள்.

"நான் கேக்க மாட்டேன். இப்பவும் கேக்கல. ஆனா நான் பாதிதான் எழுதியிருக்கேன். நான் செஞ்ச ஒண்ணுக்கு வேற யாரோ திட்டு வாங்கறாங்கன்னு வைங்க. அப்ப நான் என்ன பண்ணணும்? அதை எழுதவே இல்ல."

முன்வரிசையில் ஒரு குண்டுப் பிள்ளை கையைத் தூக்கியது. "டீச்சர், நான் அன்னைக்கு லீவு."

"உன்னைக் கேக்கலடா செல்லம்."

"லீவுதான் டீச்சர், வேணும்னா எங்க அம்மாவைக் கேளுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கதவு திறந்திருந்தது. வாசலில் மேடமும் அவருக்குப் பின்னால் பழைய தலைமையாசிரியையும் நின்றிருந்தார்கள். மணி மூன்றாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பழைய மேடம் எப்போதுமே எங்கேயும் ஐந்து நிமிடம் முன்னால் வருகிறவர்.

"சொல்லிடறது நல்லது" என்று மேடம் அவரிடம் ஆரம்பித்தார். "உங்க புத்தகத்தை ஒரு பொண்ணு வெட்டிடுச்சு. அதோ, அந்தப் பொண்ணு. நடவடிக்கை எடுத்தாச்சு."

கத்திரி தலையைக் குனிந்துகொண்டாள். விரல் கத்திரிக்கோல் நின்றுவிட்டது.

புத்தக டீச்சர் தந்தியைப் பார்த்தாள். தந்தி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று கோரை. எழுந்திரு, என்று அவள் மனம் கெஞ்சியது. எழுந்திரு கண்ணு. மகள் எழவில்லை. இனி நேரம் இல்லை. புத்தக டீச்சர் வாயைத் திறந்தாள்.

"நான்தான்."

சொன்னது அவள் இல்லை. தந்தி எழுந்து நின்றிருந்தாள். கையில் பிய்த்த கோரை இருந்தது.

"நான்தான் எடுத்தேன். தாத்தாவுக்கு ரெண்டு பக்கம் இல்ல. புதுசு தெம்பா இருந்துச்சு. அப்பா சொன்னாங்க, தெம்பா இருக்கறவங்க குடுக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னு. நான் அதுகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"யார்கிட்ட கேட்ட?" என்றார் பழைய மேடம்.

"திமிங்கிலத்துகிட்ட."

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி மகள். தன் மடியில் வளர்ந்த பெண்.

"அப்ப இவ ஏன் வாயைத் திறக்கல?" என்று கத்திரியைக் காட்டினார். அதட்டலாக ஆரம்பித்த குரல் பாதியில் இறங்கிவிட்டது.

கத்திரி மெதுவாகச் சொன்னாள்: "கத்திரிக்கோல் கேட்டா மிஸ். நான்தான் குடுத்தேன். யாருன்னு கேக்க மாட்டோம்னு எழுதியிருக்குல்ல. அப்ப சொல்லவும் கூடாதுல்ல?"

நேற்று மாலையிலிருந்து இந்தக் குழந்தை தெரிந்தே பழியைச் சுமந்திருக்கிறது. புத்தக டீச்சருக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. எட்டு மாதமாகப் பெருமையோடு பார்த்த அந்த எழுத்தை இப்போது நிமிர்ந்து பார்க்கவே கூசியது. கத்திரியை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள்.

தந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தையிடம் போனாள். பள்ளிக்கூடத்தில் மிஸ் என்று கூப்பிட வேண்டும் என்பது மறந்துபோயிற்று.

"அத்தை, இனிமே நான் பெஞ்சுல உக்காந்துக்கட்டுமா?"

"நானும் வரேன்" என்றாள் கத்திரி மடியிலிருந்து. "கத்திரிக்கோல் என்னுதுதானே."

"யாரும் பெஞ்சுல உக்கார வேண்டாம்" என்றாள் புத்தக டீச்சர். "குடுத்தவங்களைக் கேக்காம வெட்டினதுக்கு நீ என்ன செய்யப்போறன்னு யோசி. குடுத்தவங்கன்னா திமிங்கிலம் இல்ல, புத்தகம் வாங்கி அனுப்பினவங்க. அவங்க இங்க நிக்கறாங்க. அப்புறம் உனக்காகப் பழி சுமந்த இவ. ரெண்டு பேர்கிட்டயும் பேசணும்."

தந்தி இரண்டு பேரிடமும் பேசினாள். கத்திரியிடம் பேசுவதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று.

பழைய மேடம் கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு புத்தகங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினார். தாத்தா திமிங்கிலத்தின் ஒட்டு வேலையை விரலால் தடவிப் பார்த்தார். "பசை அதிகம்" என்று மட்டும் சொன்னார். பிறகு புதுப் புத்தகத்தின் அட்டையைத் திறந்தவர் அப்படியே நின்றார். பின்னால் புரட்டினார், மறுபடி முன்னால் வந்தார்.

"நடுவுல ரெண்டு. சரி, புரியுது. முதல் பக்கம் எங்க?"

தந்தியும் கத்திரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுல நான் கைப்பட எழுதியிருந்தேன்." அவர் பார்வை புத்தக டீச்சரிடம் வந்து நின்றது. "உனக்குத்தான் எழுதியிருந்தேன். நீ படிச்சிருப்பே, பதில் சொல்லுவேன்னு நெனச்சுத்தான் நானே கிளம்பி வந்தேன்."

"எனக்கா? நான் பாக்கவே இல்லையே மேடம்! என்ன எழுதியிருந்தீங்க?"

பழைய மேடம் கண்ணாடிக்கு மேலாகத் தலைமையாசிரியையைப் பார்த்தார்.

"அதையும் இவதான் வெட்டியிருப்பா" என்றார் தலைமையாசிரியை. வேண்டியதைவிடச் சற்று வேகமாகவே வந்தது பதில். "குழந்தைங்க பயத்துல பாதியைத்தான் ஒத்துக்கும்."

"நான் ரெண்டுதான்" என்றாள் தந்தி. "ரெண்டுதான் இல்லாம இருந்துச்சு. முதல் பக்கம் தாத்தாகிட்டயே இருக்கே."

புத்தக டீச்சர் குனிந்து பார்த்தாள். காலையில் யோசிக்காமல் விட்டதை இப்போது யோசித்தாள். மொட்டைமுனைக் கத்திரிக்கோல் எலி மாதிரிதான் கடிக்கும். இது பிளேடு வெட்டு. நூலகத்தில் பிளேடே கிடையாது, பிள்ளைகள் கைக்கு ஆகாது என்று முதல் நாளே அவள் ஒதுக்கிவிட்டாள். காலையில் பார்த்த ஊசிமுனைப் பென்சில்கள் நினைவுக்கு வந்தன. சேச்சே, என்று அந்த நினைப்பைத் தள்ளினாள். அது போகவில்லை.

பள்ளி மணி அடித்தது. தலைமையாசிரியை முதல் ஆளாக வெளியேறினார். பூட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பழைய மேடம் போகும்போது, "அந்தப் பக்கம் கிடைச்சா படிச்சுக்கோ. கிடைக்கலன்னா எனக்குப் போன் பண்ணு" என்றார்.

பிள்ளைகள் போனபின் புத்தக டீச்சர் பழைய வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதி ஒட்டினாள். 'நான்தான் என்று நாமே சொல்லலாம்.' பசை காயும்வரை தந்தி பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

நாலரைக்கு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழக்கமாக இந்த நடையில் தந்தி ஏழெட்டுச் செய்தி வாசித்துவிடுவாள். இன்று தெருமுனை வரும்வரை சத்தமே இல்லை.

"அம்மா, என்மேல கோவமா?"

"இருந்துச்சு. நீ எழுந்து நின்னதும் போயிடுச்சு. கத்திரியை ராத்திரி பூரா அப்படி விட்டியே, அதுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"எனக்கும்" என்றாள் தந்தி.

தெரு திரும்பியது. வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு ஏற்கெனவே கிடந்தது. இரவு எட்டு மணிக்கு வர வேண்டிய அண்ணி, ஐந்து மணிக்கு முன்பே வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார். புத்தக டீச்சரின் கால் தானாக மெதுவாயிற்று.

தந்தியும் அந்தச் செருப்பைப் பார்த்தாள். அம்மாவின் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, திங்கட்கிழமை புதுத் திமிங்கிலத்தை ஆபீஸ் ரூம்லேருந்து தூக்கிட்டு வந்தது நான்தானே. அந்த முதல் பக்கத்தை எடுத்தவங்களை நான் பாத்தேன்."

புத்தக டீச்சர் நின்றுவிட்டாள். யாரு என்ற ஒரு சொல் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது.

தந்தி நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தாள்.

"நீ யாருன்னு கேக்க மாட்டல்ல, அம்மா? அவங்களே எழுந்து நின்னு சொல்லுவாங்க. நான் சொன்னேன்ல, அதே மாதிரி."